கல்யாணத்துக்கு டாக்குமெண்டரி பாணி போட்டோகிராபர் வைக்கலாமா? எந்தெந்த நிகழ்ச்சிக்கு எடுக்கச் சொல்வது?

வைக்கலாம், தாராளமாக வையுங்கள். ஆனால் குரூப் போட்டோவில் யார் யார் நிற்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வையுங்கள். அதில் முதல் பெயராக உங்கள் சித்தப்பா பெயரை எழுதுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் கல்யாணம் வைகாசியிலோ ஆவணியிலோ இருக்கும், இன்ஸ்டாகிராமில் நாலைந்து பேருடைய படங்களைப் பார்த்து ஆசைப்பட்டிருப்பீர்கள், வீட்டில் "நம்ம ஸ்டுடியோக்காரர் போதாதா" என்று பேச்சு வாங்கிக்கொண்டிருப்பீர்கள். 2022-ல் நானும் அந்த நிலைமையில்தான் இருந்தேன். எங்களுக்குத் திருநெல்வேலி, எனக்கு வேலை சென்னையில், கல்யாணம் ஊரில்.

அக்கா கல்யாணம் 2014-ல் நடந்தது. எனக்குக் காது குத்தினபோது படம் எடுத்த அதே ஸ்டுடியோக்காரர்தான் அதற்கும் வந்தார். நல்ல மனிதர், நாள் முழுக்க ஒரு டீயோடு நின்று வேலை பார்ப்பவர். தாலி கட்டுகிற நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறிக்கொண்டு, "மாப்ளே, கையை அப்படியே வைங்க, எல்லாரும் இங்க பாருங்க" என்றார். அத்தான் பார்த்தார், அக்கா பார்த்தாள், ஐயரும் பார்த்தார். மேளக்காரர்கள் பாவம், கெட்டிமேளத்தை இழுத்துக்கொண்டே இருந்தார்கள். ஆல்பத்தில் அந்தப் படம் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் வாசலில் யாரோ கூப்பிட்டதுபோல எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே உட்கார்ந்திருந்த எங்களுக்குத் தெரிந்தது வீடியோக்காரர் முதுகும் லைட் ஸ்டாண்டும்தான். பக்கத்தில் இருந்த ஆச்சி என்னைத் தட்டி, "தாலி கட்டியாச்சாட்டி?" என்று கேட்டாள். என் கல்யாணத்துக்கு இது கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஸ்டுடியோக்காரர்களை மட்டம் தட்டுகிறேன் என்று யாராவது கமெண்டில் சண்டைக்கு வருவதற்குமுன் சொல்லிவிடுகிறேன், அவர் எடுத்த குரூப் போட்டோக்களில் ஒரு ஆள் தலை வெட்டுப்பட்டதில்லை. ஒருத்தர்கூட விட்டுப்போனதும் இல்லை. இந்தக் கதையில் கடைசியில் ஜெயித்தவர் அவர்தான்.

சரி, ஆள் பிடித்த கதைக்கு வருகிறேன். கேண்டிட் (போஸ் இல்லாமல் இயல்பாக எடுப்பது) என்று போர்டு மாட்டியிருப்பவர்களில் பாதிப்பேர் கேண்டிட் மாதிரி போஸ் எடுப்பவர்கள். "சிரிங்க, ஆனா கேமராவைப் பார்க்காதீங்க, சார் நீங்க அவங்க காதுல ஏதாவது சொல்லுங்க" என்பார்கள். அது தப்பில்லை, ஆனால் நீங்கள் கேட்பது அது இல்லை. டாக்குமெண்டரி என்று தேடினால், எதையும் நகர்த்தச் சொல்லாமல், யாரையும் திரும்பி நிற்கச் சொல்லாமல், நடக்கிறதை நடக்கிறபடி எடுக்கிறவரைத் தேட வேண்டும். அவரைக் கண்டுபிடிக்க ஒரே வழி, இன்ஸ்டாவில் போட்ட முப்பது படத்தை விட்டுவிட்டு, ஏதாவது ஒரு கல்யாணத்தை முதலிலிருந்து கடைசிவரை காட்டச் சொல்வது. நான் மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் மறுபடியும் இன்ஸ்டா லிங்கையே அனுப்பினார். இன்னொருவர் கிளையண்ட் பிரைவசி என்றார். (அதே கிளையண்ட் கண்ணீர் துடைக்கிற படம் அவர் பக்கத்தில் ஊருக்கே தெரிகிற மாதிரி இருக்கிறது!) மூன்றாவது பையன், வேறொரு குடும்பத்திடம் போனில் அனுமதி கேட்டுவிட்டு, லேப்டாப்பைத் திறந்து எழுநூறு படத்தைக் காட்டினான். சிலது சுமார்தான். ஆனால் ஓமப் புகைக்கு நடுவே, மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தில் முகம் முகமாகத் தெரிந்தது. பந்தியில் இலை எடுக்கிற அம்மாகூட ஒரு படத்தில் இருந்தார். அவனையே முடிவு செய்தேன்.

நீங்களும் பார்க்கும்போது இருட்டில் எடுத்ததையும் வயதானவர்களை எடுத்ததையும் பாருங்கள். சாயங்கால வெயிலில் புதுப்பெண்ணை அழகாக எடுக்க யாராலும் முடியும். மேடையில் எல்இடி திரை வைக்கப் போகிறீர்கள் என்றால் அந்த மாதிரி மேடையில் எடுத்த படத்தையும் கேளுங்கள். சத்தம் வராமல் இருக்க எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுக்கும்போது, சில எல்இடி வெளிச்சத்துக்கு முன்னால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். தெரிந்தவன் ஷட்டரை மாற்றிக்கொள்வான்.

எந்தெந்த நிகழ்ச்சி என்றால், பேக்கேஜ் என்று அவர்கள் தருவது முந்தின நாள் சாயங்காலம் நிச்சயதார்த்தம், மறுநாள் காலை முகூர்த்தம், அன்று இரவு ரிசப்ஷன், அதோடு ப்ரீ வெட்டிங் ஷூட், டிரோன், டீசர், ஆல்பம் இரண்டு. எங்களுக்குச் சொன்ன விலை ஒன்றே முக்கால் லட்சம். அது என் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேலே. ப்ரீ வெட்டிங் வேண்டாம் என்றேன், டிரோன் வேண்டாம் என்றேன். ரிசப்ஷனையும் வேண்டாம் என்றேன், அதற்குப் பதிலாக மறுநாள் எங்கள் வீட்டில் நடக்கும் சொதிச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னேன். அந்தப் பையனுக்குச் சொதி என்றால் என்னவென்றே தெரியவில்லை, கோயம்புத்தூர்க்காரன். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் மாப்பிள்ளைக்குச் சொதி வைப்பார்கள். தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காயும் போட்ட குழம்பு, கூடவே செரிப்பதற்கு இஞ்சிப் பச்சடி. இருபது முப்பது தேங்காய் துருவ வேண்டும், அதற்கே நாலு பேர் விடியற்காலையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

இரண்டு கேமராக்காரர்கள் வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். விடியற்காலை மூன்றரை மணிக்கு எனக்கு இந்த அறையில் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது, அந்த அறையில் மாப்பிள்ளைக்கு வேட்டி நிற்காமல் நாலு பேர் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஆளாக இருந்தால் இரண்டில் ஒன்று போயிருக்கும்.

முகூர்த்தம் ஆறரைக்கு. கேமராக்காரன் செருப்பைக் கழற்றிவிட்டு மணவறைக்குக் கீழே, தவில்காரர் பக்கத்தில் குந்தியிருந்தான். நான் அவனை மறந்தே போனேன். ஆச்சி கீழே முதல் வரிசையில் இருந்தாள், இந்தத் தடவை அவளுக்குத் தெரிந்திருக்கும். முதல் முடிச்சை அவர் போட்டார், அடுத்த இரண்டையும் மதினி, அதாவது அவருடைய சகோதரி, போட வேண்டும். அவர்கள் கண்ணாடி வளையல் என் பூவில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் சடை கலைந்துவிடும், விட்டால் மூன்றாவது முடிச்சு விழாது. படத்தில் மதினி கீழுதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு கையால் முடிச்சைப் பிடித்திருக்கிறார்கள், எங்கள் அம்மா பின்னாலிருந்து வளையலை விடுவித்துக்கொண்டிருக்கிறாள், என் முகம் பாதிதான் தெரிகிறது, மூக்கு நுனியில் ஒரு அட்சதை. நான் அழகாக இல்லை. ஆனால் இரண்டு வீட்டுக்காரர்களும் அதற்குமுன் சேர்ந்து ஒரு வேலை செய்ததில்லை.

சொதி அன்றைக்கு எடுத்தது அதைவிட மேல். வீட்டுக்காரர் மூன்று தடவை வாங்கிவிட்டு, போதும் என்று இலைமேல் இரண்டு கையையும் விரித்து மறைக்கிறார். என் அத்தை விரலிடுக்கு வழியாக ஊற்றுகிறாள். மேடையில் நான்கு மணி நேரம் நின்றிருந்தால் இப்படி ஒரு படம் கிடைக்காது.

பேசும்போதே சில விஷயங்களை எழுதி வாங்கிவிடுங்கள். யார் நேரில் வரப்போகிறார்கள் என்று பெயரோடு கேளுங்கள், பெரிய முகூர்த்த நாளில் பெரிய டீம்கள் வேறு ஆட்களை அனுப்பிவைப்பது உண்டு. விலை ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தா, சேர்க்காமலா? கேமராவில் ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டில் படம் பதிகிறதா (ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கும்)? எத்தனை படம், எத்தனை நாளில்? அப்புறம் உரிமை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். இந்த "வேறு ஒப்பந்தம்" என்பதை அவர்கள் நீட்டும் தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வைத்திருப்பார்கள், கையெழுத்துப் போடுவதற்குமுன் படியுங்கள். உங்கள் முகத்தை விளம்பரத்துக்குப் போடலாமா என்பதும் அதில்தான் இருக்கும்.

இப்போது நான் செய்த தப்பு. ரிசப்ஷனுக்குப் படம் எடுக்க அத்தை மகனை வைத்தேன், அவனிடம் நல்ல கேமரா இருந்தது. சித்தப்பா அன்றைக்கு முழுக்கப் பந்தியில் நின்றார். அப்பாவுக்குச் சுகர், அதனால் காய் வாங்குவதிலிருந்து சமையல்காரருக்குப் பாக்கி கொடுப்பதுவரை அவர்தான். கடைசிப் பந்தி முடிந்து, முகத்தைக் கழுவி, சட்டை மாற்றி, சித்தியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மேடைக்கு அவர் வரும்போது மணி பத்து. வந்து நின்ற நேரத்தில் மண்டபத்துக்காரர்கள் மேடை லைட்டை அணைத்துவிட்டார்கள்.

     

லைட் போனதும் சித்தப்பா, "நாளைக்கு எடுத்துக்கலாம், நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றார். மறுநாள் சொதிக்குக் கேமராக்காரன் வந்தானே, அவனிடம் சொல்லியிருக்கலாம். நான் மறந்துவிட்டேன், கேட்கிற ஆளும் சித்தப்பா இல்லை. அவனுக்கு யார் சித்தப்பா, யார் சமையல் மேற்பார்வை என்று எப்படித் தெரியும்? எழுதிக் கொடுத்திருந்தால் சொதி அன்றைக்கு அரை மணி நேரம் ஒதுக்கி எல்லோரையும் வரிசையாக நிறுத்தியிருப்பான், பேசும்போது அவனே பட்டியல் கேட்டான், நான்தான் "அதெல்லாம் வேண்டாம், இயல்பா எடுங்க" என்று பெரிய மனுஷியாகப் பேசினேன்.

அறுநூற்று நாற்பது படம் வந்தது. சித்தப்பா பதினொன்றில் இருக்கிறார். தூக்குவாளி பிடித்துக்கொண்டு, யாரையோ திட்டிக்கொண்டு, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. எல்லாமே அருமையான படங்கள், ஒன்றில்கூட நான் அவரோடு இல்லை. பதினொன்றையும் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "நல்லாருக்குத்தா" என்று சொல்லிப் பீரோவில் வைத்துவிட்டார். அதற்குப்பிறகு ஒன்றரை வருஷம் நான் போன் செய்தால் சித்தியிடம் கொடுத்துவிடுவார்.

போன வருஷம் அவர் வீட்டுக் கிரகப்பிரவேசம். நாங்கள் போய் இறங்கினபோது வாசலில் அந்தப் பழைய ஸ்டுடியோக்காரர் ஸ்டூலோடு நிற்கிறார். பால் காய்ச்சி முடிந்ததும் சித்தப்பா முதலில் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, நடுவில் நிறுத்தி, தானும் சித்தியும் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, "ஏட்டி, இப்பவாவது கேமராவைப் பாரு" என்றார். பார்த்தேன். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. அந்தப் படம்தான் இப்போது அவர் வீட்டு ஹாலில், கடிகாரத்துக்குக் கீழே, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நான் நிற்கிற படம்.