ஸ்பீடு டெஸ்ட் 40-ல் நிற்கிறதா? லைனைச் சந்தேகிக்குமுன் பிரவுசரைப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது 200 எம்பிபிஎஸ் திட்டம். லேப்டாப்பில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் எப்போதும் 180, 190 என்று காட்டும். போன வாரம் பிரவுசர் தானாகவே அப்டேட் ஆனது, கூடவே அதில் நான் சேர்த்து வைத்திருந்த சில எக்ஸ்டென்ஷன்களும் (பிரவுசருக்குள் ஓடும் சின்னத் துணை நிரல்கள்). அன்றிலிருந்து 40-ஐத் தாண்டவில்லை. அதே அறையில், அதே வைஃபையில் போன் 175 காட்டுகிறது. வேறொரு டெஸ்ட் தளத்துக்குப் போனால், "உங்கள் பிளக்-இன் பழையது, புதுப்பித்தால்தான் சோதனை ஓடும்" என்று வந்தது. அழுத்தினேன், ஒரு ஃபைல் இறங்கியிருக்கிறது, இன்னும் திறக்கவில்லை. வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டால், "லைன் நன்றாகத்தான் இருக்கிறது, 300 திட்டத்துக்கு மாறிப் பாருங்கள்" என்கிறார்கள். மாறலாமா?

பதில்: மாற வேண்டாம். 300-க்கு மாறினாலும் இந்த லேப்டாப் 40-தான் காட்டும். போன் 175 காட்டுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. இணையம் உங்கள் ரவுட்டர் வரைக்கும் ஒழுங்காக வந்து சேர்கிறது. அதன் பிறகு, லேப்டாப்புக்குள் எங்கோ தேங்குகிறது. லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அதே மூச்சில் பெரிய திட்டத்தை விற்கப் பார்ப்பவரிடம், "நன்றாக இருக்கிற லைனுக்கு எதற்கு மருந்து?" என்று கேட்டிருக்கலாம். பாவம், அவர் முன்னால் இருக்கும் தாளில் அப்படித்தான் எழுதியிருக்கும்.

முதல் வேலை, இறங்கிய அந்த ஃபைலைத் திறக்காமல் அழியுங்கள். குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். பிறகு ஆன்டிவைரஸைக் கொண்டு ஒரு முழு ஸ்கேன். இதை வேகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு காலத்தில் ஸ்பீடு டெஸ்ட் ஓட ஃபிளாஷ் அல்லது ஜாவா பிளக்-இன், அதாவது பிரவுசரோடு தனியாக நிறுவும் துணை மென்பொருள், வேண்டும் என்பது உண்மைதான். அந்தக் காலம் போய்விட்டது. குரோம் 2015-லேயே ஜாவா போன்ற பழைய வகைப் பிளக்-இன்களைக் கைவிட்டது. ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சில், ஃபிளாஷை மட்டும் விட்டுவைத்து, மற்றவற்றை நிறுத்தியது. ஃபிளாஷுக்கும் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அதன் உரிமையாளரான அடோபி ஆதரவை முடித்துக்கொண்டது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷில் எதுவுமே ஓடாதபடி அந்த நிறுவனமே தடுத்துவிட்டது. இன்றைய ஸ்பீடு டெஸ்ட் தளங்கள் பிரவுசருக்குள் இருக்கும் வசதிகளைக் கொண்டே ஓடுகின்றன, தனியாக எதையும் நிறுவச் சொல்வதில்லை. ஆகவே "பிளக்-இன்னைப் புதுப்பித்தால்தான் வேகம் பார்க்க முடியும்" என்று ஒரு பக்கம் சொன்னால் அது ஏமாற்று. அதில் விதிவிலக்கு கிடையாது. பெரிய பச்சைப் பொத்தான், கீழே ஓடும் கடிகாரம், "உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது" என்ற சிவப்பு எழுத்து எல்லாம் இந்த வியாபாரத்தின் வழக்கமான சரக்கு. "பிரவுசர் பழையது" என்று ஒரு வலைப்பக்கம் சொன்னாலும் நம்பாதீர்கள். பிரவுசரின் மெனுவில் உதவி, அதற்குள் 'பற்றி' என்ற இடத்தில்தான் அப்டேட் நிலவரம் தெரியும்.

தேடுபொறியில் "ஸ்பீடு டெஸ்ட்" என்று அடித்தால் மேலே விளம்பரமாக வருவதையும் அழுத்த வேண்டாம். முகவரியை நீங்களே தட்டுங்கள்.

சரி, இனி வேகம். ஸ்பீடு டெஸ்ட் என்ன செய்கிறது என்றால், ஏதோ ஒரு சர்வரிலிருந்து சில விநாடிகளுக்குத் தரவை அள்ளி இறக்குகிறது, எவ்வளவு வந்தது என்று கணக்குப் பார்க்கிறது, பிறகு அதேபோல் மேலே ஏற்றிப் பார்க்கிறது. இத்தனையும் உங்கள் பிரவுசருக்குள்தான் நடக்கிறது. ஆகவே திரையில் வரும் எண் லைனின் வேகம் மட்டுமல்ல. வைஃபை, லேப்டாப், பிரவுசர், அதில் உட்கார்ந்திருக்கும் எக்ஸ்டென்ஷன்கள் எல்லாவற்றையும் தாண்டி வந்து சேர்ந்த வேகம். இதை எந்த டெஸ்ட் தளமும் பெரிய எழுத்தில் சொல்வதில்லை.

கண்டுபிடிக்கும் வழி எளிது. பிரவுசரை முழுக்க மூடித் திறங்கள். அப்டேட் பாதியில் நின்றிருந்தால் இதிலேயே சரியாகிவிடும். அப்புறம் தனிப்பட்ட சாளரம் ஒன்றைத் திறங்கள்; குரோமில் இன்காக்னிட்டோ, எட்ஜில் இன்பிரைவேட். நீங்களாக அனுமதி கொடுத்திருந்தால் ஒழிய எக்ஸ்டென்ஷன்கள் அதற்குள் வேலை செய்யாது. அங்கே அதே தளத்தில், அதே சர்வரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு மூன்று முறை சோதியுங்கள். ஃபயர்பாக்ஸ்காரர்களுக்கு உதவி மெனுவில் ட்ரபிள்ஷூட் மோட் என்று ஒன்று இருக்கிறது, அது இன்னும் சுத்தம்.

அங்கே 180 வந்துவிட்டால் குற்றவாளி ஓர் எக்ஸ்டென்ஷன்தான். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதலில் பாதியை மட்டும் இயக்கிச் சோதியுங்கள். வேகம் விழுந்தால் ஆள் அந்தப் பாதியில் இருக்கிறார், விழாவிட்டால் மறுபாதியில். இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் பத்துப் பதினைந்து எக்ஸ்டென்ஷன் வைத்திருப்பவருக்கும் சீக்கிரம் முடிந்துவிடும். (பத்துப் பதினைந்து எதற்கு என்பது வேறு கேள்வி.)

நான் முதலில் சந்தேகப்படுவது, உங்கள் இணைப்பை வேறொரு சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் இலவச விபிஎன் எக்ஸ்டென்ஷன்களை. அப்டேட்டுக்குப் பிறகு சில தாமாகவே இயங்கத் தொடங்கிவிடும். அப்போது உங்கள் போக்குவரத்து முழுவதும் அந்த விபிஎன்காரர்களுடைய சர்வர் வழியாகச் சுற்றிப் போகும். டெஸ்ட் அளப்பது உங்கள் லைனை அல்ல, அந்தச் சர்வரை. இதைப் பிடிக்க ஒரு நல்ல அடையாளம் உண்டு. டெஸ்ட் பக்கத்தில் உங்கள் இணைய நிறுவனத்தின் பெயர் இருக்கும். அங்கே கேள்விப்படாத ஒரு பெயரோ சம்பந்தமில்லாத நாடோ தெரிந்தால், மேற்கொண்டு தேட வேண்டாம். இலவசம் என்பதற்காக இவற்றை வைத்திருப்பவர்கள் ஹோலா என்ற இலவச விபிஎன்னின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. அதை இலவசமாகப் பயன்படுத்தியவர்களின் இணைப்பு வழியாகவே பிறருடைய போக்குவரத்து போனதும், அந்த வசதி இன்னொரு சேவையின் பெயரில் விற்கப்பட்டதும் 2015-ல் பெரிய விவகாரம் ஆனது.

அடுத்து, கைமாறிய எக்ஸ்டென்ஷன்கள். நீங்கள் நிறுவும்போது நல்லதாக இருந்த ஒன்றை, எழுதியவர் யாரிடமாவது விற்றுவிடுவார். வாங்கியவர் அடுத்த அப்டேட்டில் தன் சரக்கைச் சேர்த்து அனுப்புவார். உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற மிகப் பிரபலமான குரோம் எக்ஸ்டென்ஷன் 2020-ல் அப்படிக் கைமாறியது. தீங்கான நிரல் இருக்கிறது என்று 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. நடுவில் எத்தனையோ பேர் கணினியில் அது தானாக அப்டேட் ஆகிக்கொண்டுதான் இருந்தது. தானியங்கி அப்டேட் பாதுகாப்புக்கு நல்லது என்று நமக்குப் பாடம் எடுப்பவர்கள், உரிமையாளர் மாறினால் ஒரு வரி அறிவிப்பு காட்டக்கூடாதா? ஒரு சின்ன உதவி மட்டும் செய்கிறார்கள்: அப்டேட் ஆன எக்ஸ்டென்ஷன் முன்பைவிட அதிக அனுமதி கேட்டால் குரோம் அதை நிறுத்திவைத்து உங்களைக் கேட்கும். அப்போது ஏற்கிறேன் என்று யோசிக்காமல் அழுத்தாதீர்கள். நிறம் மாற்றும் ஓர் எக்ஸ்டென்ஷனுக்கு எல்லாத் தளங்களிலும் நீங்கள் பார்ப்பதைப் படிக்க என்ன அவசியம்?

விளம்பரத் தடுப்பான்களைப் பலர் குறை சொல்வார்கள். பெரும்பாலும் அவை அப்பாவி. டெஸ்ட் பாதியில் நின்றாலோ அப்லோடு பூஜ்யம் காட்டினாலோ, அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பானை நிறுத்திப் பாருங்கள்.

தனிப்பட்ட சாளரத்திலும் 40-தானா? அப்போது ஆன்டிவைரஸைப் பாருங்கள். சில ஆன்டிவைரஸ் மென்பொருள்கள் வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி, உள்ளே வரும் ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்து மூடி அனுப்புகின்றன. பிரவுசர் அப்டேட் ஆனதும் இரண்டுக்கும் ஒத்துப்போகாமல் வேகம் அடிவாங்குவது உண்டு. இது பிரவுசருக்கு வெளியே நடப்பதால் தனிப்பட்ட சாளரம் இதைக் காட்டிக்கொடுக்காது. அதிலுள்ள வலைப் பாதுகாப்பை மட்டும் ஐந்து நிமிடம் நிறுத்தி, சோதித்துவிட்டு, மறக்காமல் திரும்ப இயக்குங்கள். வேகம் ஏறினால் ஆன்டிவைரஸையும் அப்டேட் செய்யுங்கள். மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

அதிலும் மாற்றம் இல்லை என்றால், இடையில் லேப்டாப் மறுபடி தொடங்கியபோது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள். ஒரே ரவுட்டர் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தரலாம், 2.4 மெதுவானது. போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும். 40 என்பது 2.4-க்குப் பழக்கமான எண்.

இங்கே ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் பிரச்சினை இதுவல்ல, ஆனால் இதே கேள்வியோடு வரும் பலருடைய பிரச்சினை இதுதான். கேபிள் போட்டுச் சோதிக்கும்போது எண் 94-ல், அல்லது அதற்கு ஒன்று கூடக் குறைய, ஆணி அடித்த மாதிரி நின்றால் எக்ஸ்டென்ஷன், பிரவுசர் எதையும் தொடாதீர்கள். காரணம் கம்பி. ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் உள்ள இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் மேலுறைக்கும் போனது போக 94 சொச்சம் மிஞ்சுகிறது. லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) நான்கும் வேண்டும். மீதி இரண்டு ஜோடியில் ஒரு கம்பி அறுந்தாலும், முனையில் சரியாக அழுந்தாவிட்டாலும், இரு பக்கமும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இணையம் நிற்காது, எச்சரிக்கை வராது. சிக்கனம் பார்த்து இரண்டு ஜோடி மட்டும் வைத்த கேபிள்களும் உலவுகின்றன. ரவுட்டரின் போர்ட்டே 100-க்கு மட்டும் ஆனதாக இருக்கலாம், அல்லது லேப்டாப்பில் செருகும் யுஎஸ்பி அடாப்டர் அப்படி இருக்கலாம். விண்டோஸில் நெட்வொர்க் அமைப்புகளுக்குள் ஈதர்நெட்டைத் திறந்தால் இணைப்பு வேகம் 100/100 என்றோ 1000/1000 என்றோ எழுதியிருக்கும். 100 என்றிருந்தால் வேறு கேபிளை மாற்றிச் செருகிப் பாருங்கள், பிறகு ரவுட்டரில் வேறு போர்ட். 200, 300, 500 என்று திட்டத்தை ஏற்றிக்கொண்டே போய், ஆண்டுக்கணக்கில் 94-லேயே உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். விற்பவர்களில் யாரும் அந்தக் கேபிளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னதில்லை.

சோதனைகளை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். ஊக்லா நிறுவனத்தின் ஸ்பீடுடெஸ்ட் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து அளக்கும், அதன் சர்வர் பெரும்பாலும் இணைய நிறுவனத்தின் வலைக்குள்ளேயே இருக்கும். எம்-லேப் என்ற இணைய ஆய்வுத் திட்டத்தின் சோதனை ஒற்றை இணைப்பில் அளக்கும். ஃபாஸ்ட் டாட் காம் நெட்ஃபிளிக்ஸ் சர்வர்களிலிருந்து அளக்கும். மூன்றும் மூன்று எண் காட்டுவதில் வியப்பில்லை. நேற்று ஒன்றிலும் இன்று இன்னொன்றிலும் பார்த்துவிட்டு வேகம் விழுந்தது என்று சொல்லக்கூடாது. இன்னொன்று, ஒரு ஃபைல் இறங்கும்போது பிரவுசர் காட்டும் விநாடிக்கு 20 எம்பி என்பது பைட்டுக் கணக்கு, எம்பிபிஎஸ் என்பது பிட்டுக் கணக்கு, ஒரு பைட்டுக்கு எட்டுப் பிட். எட்டால் பெருக்கினால் 160 எம்பிபிஎஸ்.

கடைசியாக, இந்தத் தேடலில் உங்களுக்கு "உதவ" வருபவர்கள். தேடுபொறியில் கிடைக்கும் "பிரவுசர் சப்போர்ட்" எண்களைக் கூப்பிடாதீர்கள். இலவசப் பிரவுசருக்குப் போனில் ஆள் வைத்து யாரும் பழுது பார்ப்பதில்லை. அந்த ஆள் முதலில் கேட்பது உங்கள் திரையைத் தூரத்திலிருந்து இயக்கும் மென்பொருளைத்தான். அடுத்து, எல்லாக் கணினியிலும் இருக்கும் சாதாரணப் பிழைப் பதிவுகளைக் காட்டி "வைரஸ்" என்று பயமுறுத்துவார். அப்புறம் பணம். இணைய வேகத்தைக் கூட்டும் 'பூஸ்டர்' மென்பொருளும் இதே கூட்டம்தான். லைனில் இல்லாத வேகத்தை எந்த மென்பொருளும் கொண்டுவராது.

அந்த ஃபைலை நீங்கள் திறந்திருந்தாலோ, யாருக்காவது திரையைக் கொடுத்திருந்தாலோ, இந்தப் பதிலை மேலிருந்து செய்ய வேண்டாம். லேப்டாப்பை இணையத்திலிருந்து துண்டியுங்கள். போனிலிருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை முதலிலும் வங்கிக் கடவுச்சொல்லை அடுத்தும் மாற்றுங்கள், வங்கிக்குத் தகவல் சொல்லுங்கள். வேகம் பிறகு. திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் ஃபைலை அழித்து ஸ்கேன் முடிந்ததும் தனிப்பட்ட சாளரத்திலிருந்தே தொடங்கலாம். கேபிளிலும், போனிலும், வேறொரு கணினியிலும் ஒரே மாதிரி 40 வந்தால் மட்டும் நிறுவனத்தை மறுபடி கூப்பிடுங்கள். அப்போது தேதி, நேரம், சர்வர் பெயர் தெரியும் ஸ்கிரீன்ஷாட்களை எடுத்துவைத்துக்கொண்டு புகார் எண் கேளுங்கள். திட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் புகார் எண்ணை மறுபடி கேளுங்கள்.