பழைய தழும்புள்ள வயிற்றில் துவாரச் சத்திரசிகிச்சை செய்யலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது, புதுக்குடியிருப்பு. 2009இல் செல் (எறிகணை) பட்டு, வயிற்றை நடுவாகக் கீறிச் சத்திரசிகிச்சை செய்தார்கள். அதன் உலோகச் சன்னம் ஒன்று இன்னும் உள்ளே இருக்கிறது. இப்போது பித்தப்பையில் கற்கள் என்று ஸ்கானில் தெரிந்துள்ளது. சிறு துவாரங்கள் போட்டு அகற்றலாம் என்கிறார்கள். எனக்கு அது பொருந்துமா? எப்போது வயல் வேலைக்குத் திரும்பலாம்?

பதில்: பெரும்பாலும் பொருந்தும், சகோதரி. ஆனால் உங்கள் தழும்பு சத்திரசிகிச்சை நிபுணரின் வேலையைச் சற்று மாற்றிவிடும். ஒருமுறை திறந்த வயிற்றில், தழும்பின் உட்புறத்தோடு குடல் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும்; தொப்புளருகே வழக்கம்போல முதல் துவாரத்தை இட்டால் அந்தக் குடல் காயப்படலாம். ஆகவே தழும்பிலிருந்து விலகி, பெரும்பாலும் இடது விலாவின் கீழே நுழைந்து, காபனீரொட்சைட்டு வாயுவால் வயிற்றை உப்பச்செய்து, கமெராவால் உள்ளே பார்த்த பின்னரே, 5 முதல் 10 மில்லிமீற்றர் அளவிலான மற்றத் துவாரங்களை இடுவார்கள். கற்களை மட்டும் எடுத்தால் அவை மீண்டும் உருவாகும் என்பதால் பித்தப்பை முழுவதுமாக அகற்றப்படும்.

ஒட்டுக்கள் இறுகியிருந்தால் இடையில் வயிற்றைத் திறக்க நேரலாம். அதைத் தோல்வியென்று எண்ணாதீர்கள். பிடிவாதமாகத் துவாரத்தாலேயே முடிக்க முயல்பவரைவிட, வேளையறிந்து திறப்பவரையே நான் நம்புவேன்.

சன்னம் தொந்தரவு தராவிட்டால் அதைத் தேடி எடுக்கவேண்டியதில்லை. எனினும் பித்தக் குழாயைப் பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கான் எழுதினால், உடலில் உலோகம் உண்டென்று முதலிலேயே சொல்லுங்கள். அந்த ஸ்கான் கருவியிலுள்ள காந்தம் சில உலோகத் துண்டுகளை அசைக்கவல்லது. இடப்பெயர்வில் பழைய வைத்தியசாலை அட்டைகள் தொலைந்திருந்தால் (வன்னியில் யாரிடம்தான் முழுதாக இருக்கின்றன?) குடல் வெட்டி இணைக்கப்பட்டதா, மண்ணீரல் அகற்றப்பட்டதா என்பவற்றை நினைவிலுள்ளபடி கூறுங்கள்.

கண் மஞ்சளானாலோ, நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தாலோ, வலி சில மணி நேரமாக விடாதிருந்தாலோ, கிளினிக் திகதிக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் தோள்மூட்டு நோவது வாயுவின் விளைவே. துவாரத்தோடு முடிந்தால், பொதுவாக ஓரிரு நாளில் வீடு திரும்பி, ஒரு வாரத்தில் சமையலைப் பார்க்கலாம். தண்ணீர்க் குடமும் நெல் மூட்டையும் தூக்க ஒரு மாதமாவது பொறுங்கள். வயிற்றைத் திறந்திருந்தால் அது இரண்டு மாதம்வரை நீளும்.