சிவப்புக் கோடு போகவில்லையா? ஹைப்பர்மெஷ் சர்ஃபேஸ் கேள்வி பதில்

கேள்வி: சார், ஹைப்பர்மெஷ்ஷில் (பாகங்களை அனாலிசிஸுக்குத் தயார்செய்யும் மென்பொருள்) ஐஜெஸ் ஃபைலை, அதாவது பார்ட்டின் வடிவம் இருக்கும் ஃபைலைத் திறந்தால் ஷீட் மெட்டல் பார்ட் முழுக்கச் சிவப்புக் கோடு. என்ன செய்வது?

பதில்: சிவப்பு எட்ஜ் (ஓரக்கோடு) ஒரே ஒரு சர்ஃபேஸை, அதாவது ஒரே ஒரு மேற்பரப்புத் துண்டைச் சேர்ந்தது. பக்கத்து சர்ஃபேஸ் தொட்டுக்கொண்டிருப்பது போலத் தெரியும், ஆனால் ஒட்டியிருக்காது. பச்சை என்றால் இரண்டு ஒட்டியிருக்கின்றன. மஞ்சள் என்றால் மூன்றோ அதற்கு மேலோ. பார்ட்டின் வெளி ஓரத்திலும் ஓட்டைகளைச் சுற்றியும் சிவப்பு இருக்கத்தான் வேண்டும். நடுவில் இருந்தால்தான் வம்பு. அப்படியே மெஷ் போட்டால் (சின்னச் சின்ன எலிமெண்ட்டுகளாகப் பிரித்தால்) இரு பக்கமும் தனித்தனி நோட் (எலிமெண்ட்டின் மூலைப்புள்ளி), லோடு கொடுத்ததும் அந்த இடம் வாய் பிளக்கும்.

முதலில் எட்ஜ் எடிட் பேனலில் ஈக்விவலன்ஸ் (பக்கத்துப் பக்கத்து எட்ஜ்களை மொத்தமாக ஒட்டுவது), சின்ன டாலரன்ஸில் (எவ்வளவு இடைவெளி வரை ஒட்டலாம் என்ற அளவு). மிச்சத்தை எஃப்11 அடித்து, குயிக் எடிட்டில் டாகிள் (கிளிக் செய்தால் எட்ஜின் நிலையை மாற்றும் கருவி) வைத்து ஒவ்வொன்றாகத் தையுங்கள். சர்ஃபேஸே காணவில்லையென்றால் ஃபில்லர் சர்ஃப் வைத்து அந்த இடத்தை நிரப்புங்கள். டாலரன்ஸைக் கூட்டாதீர்கள்.

கேள்வி: 0.01 வைத்தும் நாலைந்து சிவப்பு மிச்சம். 1 வைக்கலாமா? எலிமெண்ட் சைஸ் 5.

பதில்: மேலேதானே சொன்னேன்! 1 மி.மீ. வைத்தால் அந்த இடைவெளிக்குள் இருக்கும், ஒட்டக் கூடாத எட்ஜும் சேர்ந்துகொள்ளும். குறுகலான சர்ஃபேஸ் நசுங்கிப்போகும். நாலைந்துதானே, கையால் செய்யுங்கள்.

கேள்வி: எட்ஜை சப்ரஸ் செய்தால் (அடக்கி வைத்தால்) அது அழிந்துவிடுமா?

பதில்: அழியாது, நீலமாகும். மெஷ் போடும்போது அதைக் கண்டுகொள்ளாது, அவ்வளவுதான். டாகிளில் வலது கிளிக் செய்தால் பச்சைக்குத் திரும்பும். கூர்மையான மடிப்பில் மட்டும் சப்ரஸ் வேண்டாம். எலிமெண்ட் மூலையை வெட்டிக்கொண்டு போகும்.

கேள்வி: டாலரன்ஸ் எவ்வளவு வைப்பது நல்லது?

பதில்: அடுத்த கேள்வி.

கேள்வி: ஃபில்லட் (மூலையை உருட்டிவிடும் வளைவு) எல்லாவற்றையும் எடுத்துவிடு என்கிறார் டீம் லீட். சரியா?

பதில்: எந்த ஃபில்லட், எதற்கான அனாலிசிஸ் என்று கேட்டீர்களா? வெளிமூலையில் அழகுக்காக வைத்த 1 மி.மீ. வளைவு தாராளமாகப் போகட்டும். ஆனால் வார்ப்பு பிராக்கெட்டில் ரிப் (வலுவுக்கான விலா) அடியில் இருக்கும் உள்மூலை ஃபில்லட்டை எடுத்தால் அங்கே கூர்மூலை வரும். லீனியர் எலாஸ்டிக் கணக்கில் கூர் உள்மூலையில் ஸ்ட்ரெஸ்ஸுக்கு எல்லையே கிடையாது. மெஷ்ஷைப் பாதியாக்கினால் ஏறும், இன்னும் பாதியாக்கினால் இன்னும் ஏறும். எந்த எண்ணை ரிப்போர்ட்டில் எழுதுவீர்கள்?

இன்னொருவர்: இதற்கு ஏன் இவ்வளவு பயம்? மூலையை விட்டுவிட்டு அடுத்த வரிசை எலிமெண்ட்டைப் படித்தால் போதுமே. எல்லா ஃபில்லட்டையும் வைத்தால் மாடல் எப்போது ஓடி முடிவது?

பதில்: அடுத்த வரிசை எங்கே இருக்கிறது என்பதை உங்கள் எலிமெண்ட் சைஸ்தானே முடிவு செய்கிறது? 5 மி.மீ.யில் ஒரு எண், 3 மி.மீ.யில் வேறு எண். மோடல் அனாலிசிஸ் (இயல்பு அதிர்வுக் கணக்கு) என்றால் உங்கள் கட்சிதான் நானும். ஃப்ரீக்வென்சியில் சின்ன ஃபில்லட் பெரிதாக எதையும் மாற்றாது. ஃபெட்டீக் (திரும்பத் திரும்ப வரும் லோடால் வரும் சேதம்) என்றால் விரிசல் தொடங்குவதே பெரும்பாலும் அந்த ரிப் அடியில்தான்.

அதே நண்பர்: நேரம்?

பதில்: முழு மாடலை முரட்டு மெஷ்ஷில் ஓட்டி, அந்த மூலையை மட்டும் வெட்டியெடுத்து சப்மாடலாக நெருக்கமாகப் போடுங்கள். வளைவின் குறுக்கே மூன்று நாலு எலிமெண்ட்டாவது இருக்கட்டும்.

கேள்வி: இதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான அன்சாவிலிருந்து மாறி வந்தேன். எங்கே பார்த்தாலும் பச்சை, பயமாக இருக்கிறது.

பதில்: அங்கே இரண்டு ஒட்டினால் மஞ்சள், இங்கே பச்சை. பயப்பட வேண்டியது இங்கே மஞ்சளைப் பார்த்துத்தான்: ரிப் சேரும் இடமில்லாமல் மஞ்சள் வந்தால் ஒரே சர்ஃபேஸ் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கிடக்கிறதா என்று டீஃபீச்சர் பேனலில் டூப்ளிகேட்ஸ் தேடுங்கள்.