வண்டிக்கு வினைல் ரேப்: ஒட்டுவதற்கு முன்பே கெட்டுப்போகும் வேலை

கேள்வி: ஸ்டிக்கர், பெயர்ப் பலகை வேலை செய்து வருகிறோம். கார், வேன்களுக்கு அச்சடித்த முழு ரேப் (வண்டி முழுவதையும் மூடும் ஒட்டு வினைல் ஃபிலிம்) போட்டுத்தர ஆசை. பிரிண்டர், லேமினேட்டர் (அச்சின் மேல் காப்பு ஃபிலிமான லேமினேட்டை ஒட்டும் இயந்திரம்) இரண்டையும் இப்போதே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். இந்தத் தொழிலில் கை பழக நாளாவது ஒட்டுவதில்தான். அச்சை வெளியே கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். எக்கோ சால்வென்ட் பிரிண்டரை (சால்வென்ட், அதாவது கரைப்பான் கலந்த இங்கில் அடிப்பது) சும்மா நிறுத்தி வைத்தால் இங்க் பீச்சும் ஹெட்டில் இங்க் காய்ந்து அதுவே தனிச் செலவாகிவிடும். மாதம் முழுக்க ஓட்ட வேலை வந்த பிறகு இயந்திரத்தைப் பற்றி யோசியுங்கள்.

முதலில் ஒரு பழைய பானட்டையும் கதவையும் வாங்கி, அச்சடிக்காத ஃபிலிமை ஒட்டியும் உரித்தும் பழகுங்கள். கருவிகள் அதிகம் தேவையில்லை: ஹீட் கன், ஓரத்தில் துணி ஒட்டிய ஸ்க்வீஜி (ஃபிலிமை அழுத்தித் தேய்க்கும் தகடு) இரண்டு, 30 டிகிரி முனை பிளேடு, ஃபிலிமைப் பிடித்து நிறுத்தக் காந்தங்கள், தொடாமலே சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் வாங்காமல் விடுகிறார்கள்.

வெளியே அச்சுக்குக் கொடுக்கும்போது படம் முழு அளவில் 100 முதல் 150 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) இருந்தால் போதும். ஒவ்வொரு துண்டிலும் நான்கு பக்கமும் 5 முதல் 10 செ.மீ. படம் கூடுதலாக ஓடட்டும். ஒரு வண்டியின் எல்லாத் துண்டுகளையும் ஒரே ரோலில், ஒரே திசையில் அடித்துத் தரச் சொல்லுங்கள். ஒன்றை நேராகவும் மற்றதைத் திருப்பியும் அடித்தால் பக்கத்துப் பக்கத்துக் கதவுகளில் நிறம் மாறித் தெரியும். கணினியில் கிடைக்கும் வண்டி வரைபடத்தை அப்படியே நம்ப வேண்டாம். கைப்பிடி, டேங்க் மூடி, சக்கர வளைவு எங்கே வருகின்றன என்று வண்டியிலேயே டேப் வைத்து அளந்து சரிபாருங்கள்.

கேள்வி: கடைக்காரர் இரண்டு ரோல் காட்டுகிறார். பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருக்கின்றன, விலை மட்டும் பாதிக்குப் பாதி. மலிவானதை வாங்கினால் என்ன?

பதில்: மலிவானது பெரும்பாலும் கேலண்டர்டு ஃபிலிமாக இருக்கும், விலை கூடியது காஸ்ட். கேலண்டர்டு என்பது பிவிசியைச் சூடான உருளைகளுக்கு இடையே அழுத்தி நீட்டித் தகடாக்குவது. அந்த இழுவிசை ஃபிலிமுக்குள்ளேயே தங்கிவிடுவதால் வெயில் படப்படச் சுருங்கப் பார்க்கும். காஸ்ட் ஃபிலிமைத் திரவமாக ஊற்றிச் சூளையில் உலர்த்துகிறார்கள், அதனால் உள்ளே இழுவிசை கிடையாது. தடிமனும் குறைவு: காஸ்ட் சுமார் 50 மைக்ரான், கேலண்டர்டு 75 முதல் 100 வரை. பம்பர், கண்ணாடிக் கூடு, உடலில் ஓடும் பள்ளங்கள் என்று வளைவு உள்ள இடமெல்லாம் காஸ்ட்தான். 3எம் ஐஜே180, ஏவரி டென்னிசன் எம்பிஐ 1105, ஓராஜெட் 3951 எல்லாம் இந்த வகை. லாரியின் தட்டையான பெட்டிக்கும், சில மாதங்களே இருக்கப்போகும் விளம்பரத்துக்கும் பாலிமெரிக் கேலண்டர்டு (கேலண்டர்டிலேயே சுருக்கம் குறைவான வகை) தாராளமாகப் போதும். அங்கே காஸ்ட் போடுவது வீண்செலவு.

காஸ்ட் ஃபிலிம் வாங்கிவிட்டு மிச்சம் பிடிக்க மலிவான கேலண்டர்டு லேமினேட்டை மேலே போடுகிறவர்கள் உண்டு. மேலே இருப்பது சுருங்கும்போது கீழே இருப்பதையும் சேர்த்துத்தானே இழுக்கும்? ஓரம் கிளம்பிவிடும். ஃபிலிமுக்கு என்று அதே தயாரிப்பாளர் சொல்லும் லேமினேட்டையே வாங்குங்கள். உத்தரவாதமும் பெரும்பாலும் அந்த ஜோடிக்குத்தான். வாங்கும்போது ரோலின் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள், பழைய இருப்பில் பசை வலுவிழந்திருக்கலாம்.

கேள்வி: எக்கோ சால்வென்ட்டில் அடித்து அன்று மாலையே லேமினேஷன் போட்டுத் தந்தார்கள். ஒட்டி மூன்று வாரத்தில் எல்லா ஓரமும் சுருண்டுவிட்டது. ஒட்டியதில் தவறா?

பதில்: எல்லா ஓரமும் ஒன்றுபோலச் சுருண்டிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அச்சைத்தான். இங்கிலுள்ள சால்வென்ட் வெளியேறுவதற்குள் லேமினேட்டால் மூடிவிட்டால் அது கீழே இறங்கிப் பசையை இளக்கும், ஃபிலிமையும் தளர்த்தும். குறைந்தது 24 மணி நேரம், கறுப்பு, கருநீலம் போல இங்க் அதிகம் விழுந்த இடங்கள் இருந்தால் 48 மணி நேரம் உலர விட வேண்டும். இறுக்கச் சுற்றிய ரோலாக வைத்தால் அந்த நேரம் கணக்கில் சேராது. விரித்தோ, தளர்வாகச் சுற்றி நிமிர்த்தியோ வைத்தால்தான் காற்று உள்ளே போகும். லேடெக்ஸ் இங்கில் (நீர் சார்ந்தது, பிரிண்டரிலேயே சூட்டில் காய்வது) இந்தக் காத்திருப்பு இல்லை. புற ஊதா ஒளியில் இறுகும் யுவி இங்க் உடனே காய்ந்தாலும் சாதாரண வகை இழுத்தால் வெடிக்கும். வளைவுகளுக்கு என்றால் இழுபடும் யுவி இங்க்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சக்கர வளைவும் கதவின் அடி ஓரமும் மட்டும் கிளம்பியிருந்தால் கதை வேறு, அங்கே துடைத்தது போதவில்லை. சோப்பு நீரில் கழுவி, தார்ப்புள்ளிகளையும் மெழுகையும் நீக்கி, கடைசியாக 70 பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் 30 பங்கு தண்ணீரும் கலந்து துடையுங்கள். அது தானாகக் காயும்வரை விடாமல் உலர்ந்த துணியால் உடனே எடுத்துவிட வேண்டும். ஃபிலிம் மடிந்து உள்ளே போகும் ஓரங்களை இரண்டாம் முறையும் துடைப்பது நல்லது.

கேள்வி: வேனின் பக்கவாட்டுப் பள்ளத்தில் அழுத்தி ஒட்டினால் மறுநாள் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பிடிப்பைக் கூட்டும் பிரைமர் திரவம் தடவலாமா?

பதில்: பிரைமரை மருந்தாக நினைக்காதீர்கள். உரிக்கும் நாளில் பசை பெயின்ட்டோடு தங்கித் தொல்லை தரும். பள்ளத்தின் இரு பக்கமும் முதலில் ஒட்டிவிட்டு நடுவைச் சூடாக்கி உள்ளே தள்ளியிருப்பீர்கள். அப்படித் தள்ளிய ஃபிலிம் பள்ளத்துக்குள் இழுபட்டே நிற்கிறது, விறைப்பு இருக்கும்வரை வெளியே வரத்தான் பார்க்கும். மேல்பக்கத்தை ஒட்டியதும் கீழ்ப்பக்கத்தைத் தளர்வாகவே விட்டு, பள்ளத்தின் அடிவரை முதலில் ஃபிலிமை இறக்குங்கள். அதன் பிறகே கீழ்ப்பக்கம். மிக ஆழமான பள்ளம் என்றால் அங்கே ஃபிலிமை வெட்டிவிட்டுத் தனித் துண்டு வைப்பதே கௌரவமான வழி.

வேலை முடிந்ததும் இழுத்த இடங்களையெல்லாம் மறுபடி சூடாக்க வேண்டும். காஸ்ட் ஃபிலிமுக்குப் பெரும்பாலும் 90 டிகிரி செல்சியஸுக்கு மேல். சரியான எண் அந்த ஃபிலிமின் தகவல் தாளில் இருக்கும். கை பொறுக்காத சூடு என்பது அளவே அல்ல, கை 60 டிகிரியிலேயே பின்வாங்கிவிடும். தெர்மாமீட்டர் இதற்குத்தான்.

கேள்வி: நடுத்தரக் காருக்கு எத்தனை மீட்டர் வாங்குவது?

பதில்: 1.52 மீட்டர் அகல ரோலில் சுமார் 18 மீட்டர். புதிதாகப் பழகுகிறவர் 10 முதல் 15 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: வாடிக்கையாளரின் காரில் ஒரு கதவு அண்மையில் பெயின்ட் அடித்தது. வேலையை எடுக்கலாமா?

பதில்: அந்தக் கதவைத் தவிர்த்துப் பேசிப் பாருங்கள். பெயின்ட் முழுதாக இறுகுமுன் ஒட்டினால் அதிலிருந்து வரும் வாயு ஃபிலிமுக்கு அடியில் குமிழாகும். காற்றில் உலரும் பெயின்ட் இறுகச் சில வாரங்கள்கூட ஆகும். இறுகிவிட்டாலும் பட்டறைப் பெயின்ட்டின் பிடிப்பு தொழிற்சாலைப் பெயின்ட் அளவுக்கு இருக்காது, பின்னாளில் ரேப்பை உரிக்கும்போது கூடவே உரிந்து வரலாம். அவர் பிடிவாதமாகக் கேட்டால், கதவு மறுபெயின்ட் என்பதையும், உரிக்கையில் பெயின்ட் போனால் பொறுப்பு யாருடையது என்பதையும் முன்பணம் வாங்குமுன் ரசீதில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஒட்டுமுன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் அவசியம். பிளேடு கீறலா, முன்பே இருந்த கீறலா என்ற சண்டை அதிலேயே தீரும்.