தகவல் கோட்பாட்டில் முதுகலை: சுங்கை சிப்புட்டில் கேட்ட கேள்விகள்

போன சனிக்கிழமை மாலை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தில் மேற்படிப்பு பற்றிப் பேச உட்கார்ந்தோம். தகவலை அளப்பதையும் பிழையின்றி அனுப்புவதையும் கணக்காக ஆராயும் தகவல் கோட்பாட்டில்தான் நான் முதுகலை ஆய்வு செய்தேன். அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

அண்ணா, பிட் என்றால் 0, 1 தானே? தகவலை அளப்பது என்றால் என்ன? (மின் பொறியியல் இறுதியாண்டு மாணவி)

தங்கச்சி, உன் தாத்தா காலத்துத் தோட்டப் பெரட்டை, அதாவது காலை ஆள் கணக்கெடுப்பை நினைத்துப் பார். விடியுமுன் கிராணி (தோட்ட எழுத்தர்) 100 பேரின் பெயரைக் கூப்பிடுகிறார். வந்தால் 1, வராவிட்டால் 0. மொத்தம் 100 குறிகள். ஆனால் ஒவ்வொருவரும் பத்து நாளில் ஒன்பது நாள் தவறாமல் வருபவர் என்றால், வந்தார் என்பதில் புதிதாக ஒன்றுமில்லை. வரவில்லை என்பதுதான் செய்தி. இந்தத் துறையைத் தொடங்கிவைத்த ஷேனன் 1948-இல் தந்த என்ட்ரோப்பி (சராசரித் தகவல் அளவு) சூத்திரத்தில் 0.9, 0.1 என்று போட்டால், ஒருவருக்குச் சராசரியாக 0.47 பிட் வரும். ஒருவர் வரவுக்கும் அடுத்தவர் வரவுக்கும் தொடர்பில்லை என்றால் முழுப் பெரட்டுக்கும் 47 பிட்.

எப்படிக் குறைந்தது? 0, 1 போட்டு 2-இன் 100-ஆம் அடுக்கு விதமான பட்டியல்கள் எழுதலாம். அவற்றில் பெரும்பாலானவற்றில் பாதிப்பேர் வந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு நாள் நடக்கவே நடக்காது. 90 பேரை ஒட்டி வந்த பட்டியல்களே நாளும் வரும், அவை மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. அவற்றுக்கு மட்டும் எண் போட ஏறக்குறைய 47 பிட் போதும். ஆள் கூடக் கூட இந்தக் கணக்கு துல்லியமாகும். முதுகலைப் பாடத்தின் முதல் பாதி முழுக்க இந்த ஒரு கருத்துதான் வேறு வேறு உருவில் வரும்.

கணவனும் மனைவியும் சேர்ந்தே வந்து சேர்ந்தே விடுப்பு எடுத்தால் 47 இன்னும் இறங்கும். அந்த இறக்கத்தைத்தான் பரஸ்பரத் தகவல் என்கிறோம். எனக்கு இந்தப் பாடம் பிடித்துப்போனதே அந்த இடத்தில்தான்.

பிழை வந்தால் திரும்பத் திரும்ப அனுப்பினால் போதாதா? (தொலைத்தொடர்பு வேலையில் இருக்கும் தம்பி)

போதாது. 100 பிட்டில் 11 புரண்டுவிடும் (0 என்பது 1 ஆகவும், 1 என்பது 0 ஆகவும் மாறும்) செய்தித் தடம் ஒன்று இருக்கிறது என்று வை. ஒவ்வொன்றையும் மூன்று முறை அனுப்பி, பெரும்பான்மையை எடுத்தாலும் 100-க்கு 3-க்கு மேல் பிழை நிற்கும்; வேகமோ மூன்றில் ஒன்றாகிவிடும். ஆனால் அந்தத் தடத்தின் கொள்ளளவு, அதாவது நம்பகமாக அனுப்பக்கூடிய உச்ச வேகம், ஏறக்குறைய பாதி: அனுப்பும் இரண்டு பிட்டுக்கு ஒரு பிட் செய்தி. பாதிக்குக் கீழே எந்த வேகத்திலும் பிழையை வேண்டிய அளவு குறைக்கலாம், குறியீடு (பிழையைத் திருத்தும்படி செய்தியை மாற்றி எழுதும் முறை) நீளமாக இருந்தால் போதும் என்று ஷேனன் நிறுவினார். அப்படிக் குறியீடு உண்டு என்றார், கட்டிக் காட்டவில்லை. கட்டப் பல பத்தாண்டுகள் ஆயின. கேலகர் 1960-களின் தொடக்கத்தில் தந்த எல்டிபிசி என்ற குறியீடு நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. இன்று 5ஜியில் தரவு அதில்தான் போகிறது. அரிகான் 2009-இல் தந்த போலார் குறியீடு கட்டுப்பாட்டுச் செய்திகளைச் சுமக்கிறது.

மகன் இதைப் படித்தால் வேலை கிடைக்குமா தம்பி? (ஆறாம் படிவ மாணவரின் அம்மா)

இந்தப் பெயரில் வேலை விளம்பரம் வராது அக்கா. தொலைத்தொடர்பு, தரவுச் சுருக்கம், இயந்திரக் கற்றல் மூன்றிலும் இதுதான் அடித்தளம். முதலில் ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம் கணிதத்தை ஊன்றிப் படிக்கட்டும்.

எங்கே சேர்வது? நிகழ்தகவில் பி தான் வாங்கினேன். (அதே மாணவி)

இதற்கென்று தனிப் பட்டம் தேடாதே. மின் பொறியியல், கணிதம், கணினித் துறைகளில் இதைச் செய்யும் மேற்பார்வையாளரைத் தேடு. பக்கத்திலேயே கம்பாரில் யுடார் பல்கலைக்கழகம், நிபோங் தெபாலில் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கின்றன. மேற்பார்வையாளருடைய கட்டுரை இரண்டைப் படித்துவிட்டு அவருக்கு எழுது. படிக்காமல் அனுப்பிய மின்னஞ்சல் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

பி வாங்கியதற்காகத் தயங்காதே. நான் முதல் பருவத்தில் சூத்திரங்களை மனப்பாடம் செய்து இடைத்தேர்வில் தோற்றேன். அப்புறம் பெரும் எண்கள் விதி, ஜென்சன் சமனின்மை இரண்டையும் கையால் நிறுவிப் பழகிய பிறகே பாடம் திறந்தது. மெக்கே 2003-இல் எழுதிய பாடநூலை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம், அதிலிருந்து தொடங்கு. அதற்கும் முன்னால், இன்றிரவே கால்குலேட்டரை எடுத்து அந்த 0.47 எப்படி வந்தது என்று போட்டுப் பார். லாக் அடிமானம் 2, மறந்துவிடாதே.