டப்பாவும் கேள்வித்தாளும்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டில் ஒரு நாய், ஒரு பூனை. எதற்கு மூளை அதிகம் என்று என் மகனுக்கும் மகளுக்கும் ஓயாத சண்டை. நாய்க்கு நியூரான் (மூளையின் நரம்புச் செல்) இரண்டு மடங்கு என்று மகன் எங்கோ படித்துவிட்டு வந்து சொல்கிறான். போன வாரம் ஒரு பரீட்சை வைத்தோம். க்ரீம் பிஸ்கட்டை டப்பாவில் போட்டு இறுக மூடித் தரையில் வைத்தோம். நாய் இரண்டு முறை மூக்கால் தள்ளிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பூனை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதை மட்டும் ஆட்டியது. அப்படியென்றால் நாய்தானே ஜெயித்தது?

க.

அன்புள்ள க.,

கேள்வித்தாளிலேயே கோளாறு. பூனைக்கு இனிப்பு தெரியாது. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிக்கு இரண்டு மரபணுக்கள் வேண்டும். பூனையில் அவற்றில் ஒன்று பழுதாகிக் கிடக்கிறது என்று 2005-ல் கண்டறிந்தார்கள். புலிக்கும் அப்படியே. உங்கள் நாய்க்குப் பரிசு வைத்தீர்கள், பூனைக்கு வைக்கவில்லை. (க்ரீமில் சாக்லேட் இருந்தால் நாய்க்கும் கொடுக்காதீர்கள், அதற்கு விஷம்.) இன்னொன்று, டப்பா திறக்கக்கூடிய பொருள் என்பதையே அவற்றுக்கு நீங்கள் காட்டவில்லை. முதலில் மூடியில்லாமல் மூன்று தடவை, பிறகு மூடியைச் சும்மா மேலே வைத்து மூன்று தடவை, எடுத்துத் தின்ன விடுங்கள். அதற்குப் பிறகு இறுக்கி மூடினால்தான் அது பரீட்சை.

நியூரான் கணக்கு பொய்யில்லை. 2017-ல் மூளை ஆய்வாளர் சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் குழுவினர் வெளியிட்டது. மூளையைக் கூழாகக் கரைத்து, செல்களின் உட்கருக்களுக்குச் சாயமேற்றி எண்ணினார்கள். மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணியில் பூனைக்குச் சுமார் 25 கோடி, ஒரு சிறிய நாய்க்கு 43 கோடி, கோல்டன் ரெட்ரீவர் என்ற பெரிய நாய் ஒன்றுக்கு 63 கோடி. ஆனால் ஒவ்வொரு விலங்குக்கும் எண்ணியது ஒன்றிரண்டு மூளைகள்தான். அதே ஆய்வில் பழுப்புக் கரடிக்கும் பூனையளவு நியூரான்களே இருந்தன, மூளை எத்தனையோ மடங்கு பெரிதாக இருந்தும். கரடியையும் பூனையையும் ஒரே தட்டில் வைக்க உங்கள் மகன் சம்மதிப்பானா என்று கேளுங்கள்.

நாய் உங்கள் முகத்தைப் பார்த்ததே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஹங்கேரியின் புடாபெஸ்டில் விலங்கு நடத்தை ஆய்வாளர் ஆடம் மிக்லோஷியின் குழு இதைத்தான் சோதித்தது. உணவை எட்டவிடாமல் செய்தபோது நாய் சீக்கிரமே மனிதரைத் திரும்பிப் பார்த்தது. பூனை அந்த அளவுக்குப் பார்க்கவில்லை. இது 2005-ல். அதற்கு இரண்டு வருடம் முன்பு, கையில் வளர்த்த ஓநாய்களிடமும் இதே மாதிரி சோதனை செய்திருந்தார்கள். அவையும் மனிதரை அதிகம் பார்க்கவில்லை, தாங்களே முட்டிமோதிக்கொண்டிருந்தன. அதனால் ஓநாய் மக்கு என்று யாரும் சொல்வதில்லை. மனிதரோடு குறைந்தது 15,000 வருடம் வாழ்ந்ததில், கஷ்டமான வேலையை நம்மிடம் தள்ளிவிட நாய் பழகிவிட்டது. அது ஒரு சாமர்த்தியம்தான். ஆனால் அதை வைத்துப் பூனைக்கு மார்க் குறைக்கக் கூடாது.

வீட்டில் செய்ய நல்ல சோதனை, விரலால் காட்டும் கிண்ணத்துக்கு விலங்கு போகிறதா என்று பார்ப்பது. ஒரே மாதிரி இரண்டு கிண்ணங்கள், உள்ளே தெரியாதவை. இரண்டிலும் வேகவைத்த கோழியை நன்றாகத் தடவிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் சோதிப்பது மூக்கை. ஒன்றரை மீட்டர் இடைவெளியில் வையுங்கள். ஒன்றில் மட்டும் பட்டாணியளவு துண்டு. நீங்கள் நடுவில் முழங்காலிட்டு, பெயர் சொல்லி, அது நிமிர்ந்து பார்த்த பிறகு சுட்டுங்கள். விரல் நுனி கிண்ணத்துக்கு ஒரு சாண் முன்னே நிற்கட்டும், அது கிளம்பும் வரை கையை எடுக்க வேண்டாம். இரண்டு மீட்டர் தள்ளி விலங்கைப் பிடித்திருப்பவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். விடை தெரிந்தவர் தன்னையறியாமல் அந்தப் பக்கம் சாய்வார். மொத்தம் 20 தடவை, இடம் பத்து, வலம் பத்து, ஒரே பக்கம் தொடர்ந்து இரண்டுக்கு மேல் வரக் கூடாது. 15 அல்லது அதற்கு மேல் சரியென்றால் குருட்டு அதிர்ஷ்டம் என்று ஒதுக்க முடியாது. சரியாகப் பத்து வந்தால் எந்தப் பக்கம் போனது என்று குறித்ததைப் பாருங்கள். எப்போதும் இடப்பக்கமே போகும் விலங்குக்கும் பத்துதான் வரும்.

பூனைக்கு ஒரு நேரத்தில் நாலைந்து தடவை போதும், அதுவும் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால், அதற்குப் பழகிய அறையில். துண்டை மூக்கடியில் நீட்டாதீர்கள். ஒரு சாணுக்குள் இருப்பது பூனைக்கு மங்கலாகத்தான் தெரியும். கண் முன்னால் இருப்பதைத் தேடுகிறதே என்று அதைப் பழிப்பது அநியாயம். மிக்லோஷி குழுவின் சோதனையில் விரலைப் பின்பற்றுவதில் நாய்க்கும் பூனைக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

ஒளித்து வைத்த பொருளை நினைவில் வைப்பதில் நாய்க்கே முதலிடம். நான்கு நிமிடம் கழித்தும் அது சரியான மறைவைத் தேடிப் போகிறது. பூனைக்கு அரை நிமிடத்துக்குள்ளேயே நினைவு நன்றாகச் சரிந்துவிடுகிறது. குறுக்கே போட்ட இரண்டு கயிறுகளில் உணவு கட்டிய கயிற்றை இழுக்கச் சொன்னாலோ, இரண்டுமே தோற்கின்றன.

உங்கள் பூனை காதை ஆட்டியது பதில்தான். 2019-ல் ஜப்பானிய ஆய்வாளர் அட்சுகோ சைட்டோ இப்படித்தான் சோதித்தார்: பெயரைப் போன்ற நீளமுள்ள நான்கு சொற்களை வரிசையாகக் கேட்கவைத்து, பூனை அலுத்துப்போன நேரத்தில் அதன் பெயரைச் சொன்னார். காதும் தலையும் அசைந்தன. கேட்கிறது, எழுந்து வரக் காரணம்தான் இல்லை. ஒரு மீட்டர் தூரத்திலிருந்து ஒரே ஒரு தடவை பெயர் சொல்லுங்கள், திரும்பிய நொடியில் துண்டைப் போடுங்கள். நாளுக்கு ஐந்து தடவை போதும், தூரத்தை மெதுவாகக் கூட்டுங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நகம் மட்டும் வெட்டிவிடாதீர்கள். அந்த வேலைக்கு நீங்களே எழுந்து அதனிடம் போங்கள்.