கொடைக்கானல் ஏரிக்கரையில் உள்ள விடுதிப் பள்ளியின் வரலாறு என்ன? அதன் இயல்பு எத்தகையது?

சமவெளியில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள், பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கில் பிரிந்திருக்க மனமின்றி, வெயிலும் காய்ச்சலும் அவ்வளவாக அண்டாத இம்மலையில் 1901இல் தொடங்கியதே இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. ஹைக்ளெர்க் என்பது அதன் பழைய பெயர். அந்நாளில் கோடையில் பெற்றோர் மலையேறி வந்து பிள்ளைகளோடு தங்குவர்; மற்ற மாதங்களில் விடுதியே பிள்ளைகளுக்கு வீடு.

மிஷனரிக் குடும்பங்கள் குறைந்தபோது தேய்ந்து போகாமல், இந்தியப் பிள்ளைகளுக்கும் பிற நாட்டவருக்கும் கதவைத் திறந்து, 1976இல் இந்தியாவிலேயே முதலாவதாக ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்) என்னும் பன்னாட்டுப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்ததுதான், என் பார்வையில், பள்ளியின் பெரிய திருப்பம். இசைப் பயிற்சிக்கும், கூடாரமடித்துத் தங்கும் மலைநடைப் பயணங்களுக்கும் அங்கே தேர்வுப் பாடங்களுக்கு நிகரான இடமுண்டு.